ஆசிரியர் படிக்கட்டும், எம் பிள்ளைகளைப் பற்றிப் படிக்கட்டும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பாடசாலைகளில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படிக்கும் ஆசிரியர்களைக் குறித்து பெற்றோரிடம் ஒரு முணுமுணுப்பு உண்டு: “படித்து முடித்ததும் டவுனுக்குப் போய்விடுவார்.” மண்சரிவில் காணியும் வீடும் இழந்து முகாமுக்கும் புதுக் குடியிருப்புக்குமாக அலைந்த உங்களுக்கு, இன்னொருவரும் விட்டுப்போவாரோ என்ற பயம் நியாயமானதே.

ஆயினும் படிப்பைத் தடுப்பது பரிகாரமாகாது என்பதே எமது கருத்து. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு வந்த ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் தொடங்கியவர்கள். பஸ் காசுக்கே அது போதாது. அவர்கள் மேலே வர விரும்புவது பேராசையா?

கலாநிதிப் பட்டம் என்றால் வேலையை விட்டு நூலகத்தில் கிடப்பது என்று எண்ண வேண்டாம். 1992இல் பிரித்தானியாவின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் தொடங்கிய கல்வியியல் கலாநிதி நெறி, பணியில் இருப்போருக்கானது. ஆய்வுக் கேள்வி அவரவர் வேலைத்தலத்திலிருந்தே எழுகிறது. 1980இல் உருவான எமது திறந்த பல்கலைக்கழகமும் தொழில் செய்துகொண்டே கற்பதற்கு வழி திறந்தது.

அப்படியானால் கேள்வியை நாமே கொடுக்கலாமே! 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்தது. அப்படி இடம் மாறும் பிள்ளை எத்தனை நாள் பாடசாலையை இழக்கிறது? ஏன் சாதாரண தரத்தோடு நின்றுவிடுகிறது? லயத்தில் பிறந்து வளர்ந்த ஆசிரியருக்கு இவை புத்தகத்தில் தேடவேண்டிய விஷயங்களல்ல.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அவரிடம் கேளுங்கள்: ஆய்வு எதைப் பற்றியது, முடிவை எமக்குத் தமிழில் எப்போது வாசித்துக் காட்டுவீர்கள்? அதிபரிடமும் ஒன்று கேளுங்கள்: சனிக்கிழமை விரிவுரைக்குப் போகிறவரின் மேலதிக வகுப்பை வேறு நாளுக்கு மாற்ற முடியாதா?