விமானம் பார்ப்பதும் பாடமே



ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அறிவியல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் விமானங்களாகவே வரைந்து வைத்திருந்தான். "படிக்கும் நேரத்தில் இது எதற்கு?" என்று கடிந்துகொண்டேன். சில மாதங்கள் கழித்து, கெர்லிங்கிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். மேலெழுந்த விமானம் ஒன்றைக் காட்டி, "ஐயா, உள்ளே மடக்கிய பிறகும் சக்கரம் தெரிகிறது. அது போயிங் 737" என்றான். அவன் சொன்னது சரி. எனக்கோ எல்லா விமானங்களும் ஒன்றுபோலவே தெரிந்தன.

வீடு திரும்பியதும் தேடிப் படித்தேன். நம் நாட்டில் அதிகமாகப் பறப்பவை இரண்டு: ஏர் ஆசியாவின் ஏர்பஸ் ஏ320, மலேசியா ஏர்லைன்சின் போயிங் 737-800. ஏ320இன் சக்கரங்களைக் கதவுகள் முழுமையாக மூடிவிடும். 737இன் முதன்மைச் சக்கரங்களுக்கு அத்தகைய கதவுகள் இல்லை. 737இன் செங்குத்து வால் அடியில் சாய்வான முக்கோணமாக நீளும். ஏ320இல் அது இல்லை. ஏ320இன் இயந்திர வாய் வட்டமானது. 737-800இல் அதன் அடிப்பகுதி தட்டையானது.

தட்டையானதற்குக் காரணமும் உண்டு. 1967இல் முதலில் பறந்த 737, தரைக்கு மிக அருகில் நிற்கும்படி அமைக்கப்பட்டது. அன்றைய இயந்திரங்கள் ஒல்லியானவை. 1980களில் பெரிய இயந்திரம் பொருத்த வேண்டியிருந்தபோது, இடம் போதாமல் துணைக்கருவிகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி அடிப்பகுதியைத் தட்டையாக்கினர். 1987இல் பறந்த ஏ320, தொடக்கத்திலேயே சற்று உயரமாக அமைந்ததால் அத்தொல்லை எழவில்லை.

உற்றறிதல், வகைப்படுத்துதல் ஆகியவற்றை அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்று மனனம் செய்யச் சொல்கிறோம். அம்மாணவன் அவற்றை யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தான். நான் அதைத்தான் கண்டித்தேன்!

"இது தேர்வில் வருமா?" என்று சிலர் கேட்கக்கூடும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இனியும் அச்சாக்கு எதற்கு? இரண்டு விமானப் படங்களைக் கொடுத்து, ஒற்றுமை வேற்றுமைகளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அறிவியலும் வளரும், கட்டுரைத் திறனும் வளரும்.

பெற்றோர்களே, உறவினரை வழியனுப்ப விமான நிலையம் செல்லும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். "இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் ஒரு மாணவன்தான் கற்றுக்கொடுத்தான்.