யானையின் வழியை மறிக்கலாமா?

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் முதற்பாதியை நாங்கள் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறோம். இரண்டாம் பாதியை ஏற்க மனம் மறுக்கிறது. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இவ்வாண்டு கல்விச் சுற்றுலா முதுமலைக்கு என்று சிஸ்டர் அறிவித்ததும் வகுப்பே துள்ளிக் குதித்தது. ஓமலூர்ப் பெண்களாகிய நாங்கள் கோயில் வாசலில் காசு வாங்கி ஆசி வழங்கும் யானையைத்தான் பார்த்திருந்தோம். காட்டு யானையைக் கண்டதில்லை. இரவெல்லாம் பாட்டும் சிரிப்புமாகப் பயணம் செய்து, உதகை, கூடலூர் வழியாக முதுமலையை அடைந்தோம்.

முதுமலை 1940-ல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2007-ல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் பந்திப்பூரும் கேரளத்தின் வயநாடும் அதை ஒட்டியே உள்ளன. மாநில எல்லைகள் மனிதருக்குத்தான். யானைக்கு அது ஒரே காடு. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாள்தோறும் நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். அது ஓரிடத்திலேயே நின்றால் காடு தாங்குமா? ஆகவேதான் யானை நடந்துகொண்டே இருக்கிறது.

வனத்துறை வண்டியில் ஏறிய எங்களுக்கு வெகுநேரம் புள்ளிமான்களும் மயில்களுமே தென்பட்டன. "கட்டின பணம் வீண்" என்று முணுமுணுத்தோம். அப்போது ஒரு வளைவில், மூங்கில் புதருக்கு அருகே, ஐந்து யானைகள்! நடுவே ஒரு குட்டி! எங்களையறியாமல் கூச்சலிட்டுவிட்டோம். பெரிய யானை காதுகளை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது. ஓட்டுநர் உடனே வண்டியை அங்கிருந்து நகர்த்திவிட்டார். இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லையே என்று எங்களுக்கு ஒரே கோபம். அவரோ அமைதியாக, "அதுங்க தண்ணிக்குப் போகுதுங்க பாப்பா. நாம வழியில நின்னா அதுங்க எப்படிப் போகும்?" என்றார்.

அந்தக் கேள்வி எங்களோடு ஓமலூர் வரை வந்தது. தொப்பூர் கணவாயைத் தாண்டினால் தருமபுரி மாவட்டம். அங்கும் காட்டு யானைகள் உண்டு. 2023 மார்ச் மாதம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உயிர் தப்பிய இரண்டு குட்டிகள் இறந்த யானைகளை விட்டு அகலாமல் சுற்றிச் சுற்றி வந்தன. பழமொழி சொல்லும் ஆயிரம் பொன் அங்கே யாருக்குக் கிடைத்தது?

விவசாயிகளைக் குறைகூற நாங்கள் எழுதவில்லை. எங்களில் பலர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். கடன் வாங்கிப் பயிரிட்ட கரும்பும் வாழையும் ஒரே இரவில் மிதிபட்டால் ஒரு குடும்பம் எப்படித் தவிக்கும் என்பதை அறிவோம். ஆனால் நேரடி மின்சாரம் யானையையும் கொல்லும்; இருட்டில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் மனிதரையும் கொல்லும். விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சூரியசக்தி வேலியோ விரட்டுமேயன்றிக் கொல்லாது. அதை அமைக்க உழவருக்கு உதவி வேண்டும். பயிர் அழிந்தால் இழப்பீடு தாமதமின்றிக் கைக்கு வரவேண்டும். யானையைக் காக்கும் செலவை ஏழை உழவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

சுற்றுலாப் பயணிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. முதுமலையை அடுத்த சீகூர் பகுதியில் யானைகளின் வழியிலேயே விடுதிகள் எழுந்தன. அந்த வழித்தடத்தைக் காக்கத் தமிழக அரசு 2010-ல் வெளியிட்ட அறிவிப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. யானையைப் பார்க்க வருவோர் தங்குவதற்காக யானையின் வழியையே அடைப்பது எவ்வளவு பெரிய பேதைமை!

அன்புத் தோழியரே, பெற்றோரே! காட்டிற்குச் சென்றால் விருந்தினரைப் போல அடக்கமாகச் செல்வோம். யானை தென்படாவிட்டாலும் பணம் வீண் என்று சொல்லாதிருப்போம். அது எங்கோ தன் குட்டியோடு தண்ணீரை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைவே நமக்குப் போதும். யானை இருந்தால் ஆயிரம் பொன். வழி இருந்தால்தான் யானை இருக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி