தோளும் சிவிகையும்

செய்யாறு என்று இன்று வழங்கும் ஊருக்குத் தேவாரம் வழங்கிய பெயர் திருவோத்தூர். ‘ஓத்து’ என்றால் வேதம். தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் சிவபெருமான் வேதத்தின் பொருளை ஓதுவித்த தலம் ஆதலின் இப்பெயர் அமைந்தது என்பர். வேதபுரீஸ்வரராக ஐயனும், பாலகுஜாம்பிகையாக அம்மையும் எழுந்தருளியிருக்கும் அத்திருக்கோயிலின் அருகே ஓடும் ஆற்றுக்கும் ஓர் அழகிய பெயர்க்காரணம் உண்டு. அம்பிகை தன் சேயாகிய முருகன் விளையாடி மகிழ்வதற்காக உண்டாக்கிய ஆறு அது; சேய்க்கு ஆன ஆறு, சேயாறு. ஒரு குழந்தையின் மகிழ்ச்சிக்காக ஓர் ஆற்றையே வரவழைத்தாள் அன்னை என்று நம் முன்னோர் நம்பினர் என்றால், குழந்தையின் சுகத்தை அவர்கள் எவ்வளவு பெரிதாக மதித்தனர் என்பது விளங்கும்.

அவ்வூரில் ஒரு நெசவாளர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். பெரியவர் நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் மிதித்துப் பட்டு நெய்தவர். அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அவருடைய துணைவியாருக்கு இடுப்புவலி. மகன் கடல் கடந்த நாட்டில் பணி செய்கிறார். பிறந்து எட்டுத் திங்களான பேரன் முதன்முறையாக ஊருக்கு வருகிறான். வேதபுரீஸ்வரர் சந்நிதியில் குழந்தையைக் கிடத்தி வணங்க வேண்டும். காஞ்சி காமாட்சியையும் அண்ணாமலையாரையும் தரிசிக்கச் செய்ய வேண்டும் என்பது பாட்டியின் நேர்த்தி. புறப்படுமுன் மருமகள் தொலைபேசியில் ஒன்று கேட்கிறாள்: “அத்தை, கோயில்களுக்குப் போக மடக்கு வண்டி ஒன்று வாங்கி வரட்டுமா?”

பாட்டிக்கு மனம் சுருங்குகிறது. “உன் வீட்டுக்காரனை இடுப்பில் வைத்துக்கொண்டே மலை சுற்றினேனம்மா. பிள்ளைக்கு வண்டி எதற்கு?” என்று சொல்லிவிடுகிறார். தொலைபேசியை வைத்த பிறகுதான் அவருக்கு உண்மை உறைக்கிறது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான்கு பிராகாரம் சுற்ற அந்த இடுப்பு இன்று இடம் தராது. வண்டி வேண்டாம் என்று சொன்னது வண்டியின் மேல் உள்ள வெறுப்பினால் அன்று. தம்மால் இனிப் பேரனைத் தூக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராமையினால்.

இத்தகைய தயக்கம் இன்று பல இல்லங்களில் உண்டு. இதற்கு விடை வெளியூரில் தேட வேண்டியதில்லை. திருவோத்தூருக்கு வந்து பாடிய பிள்ளையின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

தோளிலிருந்து இறங்கிய பிள்ளை

சீகாழியில் சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் மகவாய்த் தோன்றியவர் திருஞானசம்பந்தர். மூன்றாம் வயதில் பிரமதீர்த்தக் கரையில் பசித்து அழுதார். உமையம்மை ஞானப்பாலை ஊட்டியருளினாள். அடுத்து, திருக்கோலக்காவில் கைத்தாளம் இட்டுப் பாடினார். பிஞ்சுக் கரங்கள் நோகுமே என்று இறைவன் பொற்றாளம் அளித்தான். அந்நாள்களில் தந்தையின் தோளே அவருக்கு ஊர்தி. தலந்தோறும் தந்தையார் அவரைத் தோளில் சுமந்தே சென்றார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார்.

பெண்ணாகடத்துத் திருத்தூங்கானை மாடத்தை வணங்கித் திருநெல்வாயில் அரத்துறைக்குச் செல்லும் வழியில் பிள்ளையார் தந்தையின் தோளில் அமர்வதைத் தவிர்த்து, தம் சிற்றடிகளாலேயே நடக்கத் தொடங்கினார். மெல்லிய அடிகள் வருந்தின. உடன் வந்த தந்தையின் உள்ளமும் வருந்தியது. மாறன்பாடி என்னும் ஊரை அடையும்போது பொழுது சாய்ந்தது. அன்றிரவு அரத்துறை இறைவன் அவ்வூர் மறையவர்களின் கனவில் தோன்றி, முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் முத்துச் சின்னங்களும் திருக்கோயிலில் உள்ளன. அவற்றைக் கொண்டு சென்று பிள்ளைக்கு அளிப்பீராக என்று பணித்தான். அன்று முதல் சம்பந்தர் சிவிகையில் எழுந்தருளினார். பின்னர் ஒரு வேனிற்காலத்தில் பட்டீச்சரத்துக்கு அவர் வந்தபோது, வெயில் தாக்காதிருக்க முத்துப் பந்தலும் வந்தது.

பசிக்குப் பால், கை நோவுக்குத் தாளம், கால் நோவுக்குச் சிவிகை, வெயிலுக்குப் பந்தல். ஞானத்தில் பெரியவரான அப்பிள்ளையிடம் இறைவன் ஒருபோதும் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லவில்லை. உடலின் வருத்தம் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து நீக்கினான். திருவண்ணாமலையை வணங்கித் தொண்டைநாடு புகுந்து திருவோத்தூருக்கு வந்தவரும் அப்பிள்ளையே. ஓர் அடியார் வளர்த்த பனைகள் அனைத்தும் ஆண்பனைகளாய்க் காய்க்காது நிற்க, சம்பந்தர் பதிகம் பாடி அவற்றைக் காய்க்கச் செய்தார். தல விருட்சமாக இன்றும் பனையே போற்றப்படுகிறது.

ஆகவே குழந்தைக்கு ஊர்தி அமைப்பது பக்திக்குக் குறைவும் அன்று, நம் மரபுக்குப் புதிதும் அன்று. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று காலுடைய சிறுதேர் உருட்டி விளையாடுகின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமே சிறுதேர்ப் பருவம்.

ஒரு பாட்டனாரின் கைவண்ணம்

இன்று கடைகளில் ‘ஸ்ட்ரோலர்’ என்று விற்கப்படும் மடக்கு வண்டியின் பிறப்பிலும் ஒரு பாட்டனாரின் அன்பு இருக்கிறது. இங்கிலாந்தில் 1733ஆம் ஆண்டில் வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்குச் சிப்பி வடிவ வண்டி ஒன்றைச் செய்தளித்தார். அது ஆடோ மட்டக்குதிரையோ இழுக்கும் வண்டி. அதன்பின் வந்தவை கனமான தள்ளுவண்டிகள். ஓவன் மெக்லாரன் என்பவர் ‘ஸ்பிட்ஃபயர்’ போர் விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைத்த பொறியாளர். பேத்தியுடன் பயணம் செய்த தம் மகள் கனமான வண்டியால் படும் பாட்டைக் கண்டு, விமானச் சக்கரங்களை மடக்கும் தம் அறிவைக் குழந்தை வண்டிக்குப் பயன்படுத்தினார். அலுமினியக் குழாய்களால் ஆன, குடைபோல் மடங்கும் வண்டி 1965இல் உருவானது. அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. இன்றைய பயண வண்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

தேர்ந்தெடுக்கும் முறை

வண்டி வாங்கும்போது அழகை இறுதியில் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் பருவம். தானே உட்காரப் பழகாத குழந்தைக்கு, ஏறத்தாழ ஆறு திங்கள் வரை, முதுகுப்புறம் முழுவதும் சாய்ந்து படுக்கையாக அமையும் வண்டியே ஏற்றது. நிமிர்ந்த இருக்கை மட்டும் உள்ள வண்டி, கழுத்து நிலைத்து உட்காரும் குழந்தைக்கே பொருந்தும்.

அடுத்தது எடை. பயணத்துக்கென்று செய்யப்படுபவை பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கிலோ வரை இருக்கும். கடையில் நிற்கும்போதே, வீட்டில் வண்டியைத் தூக்கப் போகிறவர் யாரோ அவரே தூக்கிப் பார்க்க வேண்டும். மகன் தூக்குவது வேறு. பேருந்துப் படியில் பாட்டனார் தூக்குவது வேறு. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறுகையால் மடக்க முடிகிறதா என்பதையும் அங்கேயே செய்து பார்த்துவிட வேண்டும். மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தையின் விரல்கள் மூட்டுகளின் அருகே இருக்கலாகாது.

மூன்றாவது வார்ப்பட்டை. இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனைகளில் பிணைக்கும் பட்டையே பாதுகாப்பானது. குழந்தை உறங்கினாலும் பட்டையை அவிழ்க்கலாகாது. நான்காவது பிரேக். காலால் ஒரே மிதியில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டியிருந்தாலும் சரிவில் வண்டியை விட்டு அகலலாகாது.

சக்கரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விமான நிலையத்து வழுவழுப்பான தளத்தில் சிறு சக்கரங்கள் அழகாக ஓடும். நம் ஊர்த் தெருவின் சல்லிக் கற்களிலும் குழிகளிலும் அவையே சிக்கி நிற்கும். சற்றுப் பெரிய சக்கரமும் அதிர்வைத் தாங்கும் அமைப்பும் உள்ளதாகப் பார்ப்பது நலம். விமானத்தில் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் மடக்கிய அளவை நிறுவனத்திடம் முன்பே கேட்டறிய வேண்டும். பல நிறுவனங்கள் விமானத்தின் வாயில் வரை வண்டியைப் பயன்படுத்தி, அங்கே ஒப்படைக்க இசைகின்றன.

முத்துப் பந்தலை நினைவில் கொண்டு மேற்கூரையையும் பார்க்க வேண்டும். முகத்தில் வெயில் படாதவாறு அது நீள வேண்டும். வெயிலுக்கு அஞ்சி வண்டியின் மேல் துணியைப் போர்த்திவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தவறு. காற்று புகாமல் உள்ளே வெப்பம் விரைவாக ஏறிக் குழந்தைக்குத் தீங்காகிவிடும். அருச்சனைப் பையையும் தேங்காய்ப் பழத்தையும் கைப்பிடியில் மாட்டுவதும் ஆகாது. குழந்தையைத் தூக்கிய கணத்தில் வண்டி பின்னால் சாயும்.

கோபுர வாயில் வரை

வண்டி கோபுர வாயில் வரைதான். உயர்ந்த வாயிற்படிகளும் கற்படிகளும் நெரிசலும் உள்ள இடத்தில் அது உதவாது. பிற அடியார்களுக்கும் இடையூறு. காலணி விடும் இடத்துக்கு அருகே கோயிலாரிடம் கேட்டு, மடக்கி வைத்துவிட்டு, குழந்தையைக் கையில் ஏந்திச் செல்வதே முறை. இளையவர் ஏந்தி வரட்டும். சந்நிதியில் பெரியவர்கள் அமர்ந்து மடியில் வாங்கிக்கொள்ளட்டும். வழியில் தங்குமிடத்தில் தூளி கட்டப் பாட்டியின் பழைய நூல் புடைவை போதும். பட்டு வழுக்கும், சரிகை பிஞ்சு மேனியை உறுத்தும். ஆரணிப் பட்டு பாட்டியின் மேனியிலேயே அழகாய் இருக்கட்டும்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி நெரிசலில் குழந்தையுடன் செல்வதைத் தவிர்த்து, வேறொரு நாளில் காலை இளவெயிலிலோ மாலையிலோ இயன்ற தொலைவு செல்லலாம். திருமலையில் ஓராண்டு நிறையாத குழந்தையுடன் வரும் பெற்றோருக்குச் சுபதம் வாயில் வழியே தனித் தரிசன ஏற்பாடு உண்டு. நடப்பிலுள்ள விதியைத் தேவஸ்தானத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுவது நன்று.

அப்பர் தாங்கிய சிவிகை

சிவிகையின் வரலாற்றில் இன்னும் ஒரு காட்சி உண்டு. பாண்டிநாட்டிலிருந்து திரும்பிய சம்பந்தர் திருப்பூந்துருத்தியை நெருங்கினார். முதுமை எய்திய திருநாவுக்கரசர் அவரை எதிர்கொள்ள வந்து, கூட்டத்தில் எவரும் அறியாமல் புகுந்து, சிவிகையைத் தாங்குவோருள் ஒருவரானார். ‘அப்பர் எங்கே?’ என்று பிள்ளையார் வினவ, சிவிகையின் அடியிலிருந்து விடை வந்தது. உம்மைச் சுமக்கும் பெருவாழ்வு பெற்று இங்கே இருக்கிறேன் என்றார் நாவரசர். பதறி இறங்கினார் பிள்ளை. ஒருவரை ஒருவர் வணங்கினர்.

பிள்ளையைத் தம் தோளில் ஏந்தியிருந்தால்தான் அன்பு என்று அப்பர் எண்ணவில்லை. சிவிகைக் கொம்பில் ஓர் இடம் கிடைத்ததையே பெரும்பேறாகக் கொண்டார்.

செய்யாற்றுப் பாட்டி மறுநாள் மருமகளுக்கு மீண்டும் தொலைபேசியில் பேசுவார் என்றே நம்பலாம். “வண்டி வாங்கிக்கொண்டே வாம்மா. எடை குறைவாகப் பார்த்து வாங்கு. கோயில் வாசல் வரை நான்தான் தள்ளுவேன்” என்று அவர் சொன்னால், அந்தக் கைப்பிடி அவருக்குச் சிவிகைக் கொம்பே ஆகும். சேய்க்காக ஓர் ஆற்றையே அழைத்த அன்னை, அக்குழந்தையையும் அதைத் தள்ளிவரும் கைகளையும் காத்தருள்வாளாக.