திரையில் உள்ள அட்டை மேசைக்கு வரட்டும்!



தமிழ்ப்பள்ளிகளில் இப்போது 'புத்தாக்கம்' என்றாலே செயலி என்று பொருளாகிவிட்டது. மரபுத்தொடரா? ஒரு செயலி. இரட்டைக்கிளவியா? இன்னொரு செயலி. பிள்ளை திரையில் இரண்டு அட்டைகளைத் தொடுகிறது. பொருத்தம் சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. பத்து நிமிடத்தில் இருபது மரபுத்தொடர்கள் முடிந்துவிடுகின்றன. ஆனால், அப்பிள்ளையின் வாயிலிருந்து ஒரு தமிழ்ச்சொல்கூட வெளிவரவில்லை! இதனை எப்படி மொழிப்பாடம் என்று அழைப்பது?

கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரையில் ஒருவர் தனித்து ஆடும் அந்த அட்டை விளையாட்டை, நால்வர் சுற்றி அமர்ந்து ஆடும் மேசை விளையாட்டாக மாற்றிக் கொடுங்கள் என்கிறேன். உடனே, "காலம் முன்னே போகிறது, நீங்கள் பின்னே இழுக்கிறீர்கள்" என்பார் சிலர். அவர்களுக்கு ஒரு செய்தி.

'ஸ்லே தி ஸ்பயர்' என்ற கணினி அட்டை விளையாட்டு 2019இல் முழுமையாக வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதனை ஒருவர் தனியாகத்தான் ஆட முடியும். அட்டையைக் கலைப்பது, புள்ளியைக் கூட்டிக் கழிப்பது, எதிரியின் அடுத்த செயலை முடிவுசெய்வது எல்லாமே கணினியின் வேலை. அதனையே மேசை விளையாட்டாக்க 2022இல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 2024இல் அது ஆடுவோர் கைக்கு வந்தது. இப்போது நால்வர் வரை ஓரணியாகச் சேர்ந்து ஆடலாம். நாகரிகத்தின் உச்சியில் இருக்கும் கணினி விளையாட்டே மேசைக்கு இறங்கி வந்திருக்கிறது!

எப்படி இறக்கினார்கள் என்பதே நமக்குப் பாடம். கணினியில் 6 புள்ளி தாக்கிய அடிப்படை அட்டை, மேசையில் 1 புள்ளிதான் தாக்குகிறது. ஏன்? இங்கே கணக்குப் போடுவது மனித மூளை. எண்கள் சிறியனவாக இருக்க வேண்டும். எதிரியின் செயலைக் கணினி தனக்குள்ளேயே முடிவுசெய்தது; மேசையில் எல்லார் கண்ணெதிரிலும் பகடை உருள்கிறது. அட்டையின் வலிமை கூடினால், அதனை உறையிலிருந்து எடுத்துத் திருப்பிச் செருகுகிறார்கள். மறுபக்கத்தில் வலிமை கூடிய வடிவம் அச்சிடப்பட்டுள்ளது. கணினி செய்த வேலை ஒவ்வொன்றும் மனிதரின் கைக்கும் வாய்க்கும் மாற்றப்பட்டது.

நாம் என்ன செய்கிறோம்? திரையில் உள்ளதை அப்படியே அச்சிட்டு, நெகிழித்தாள் ஒட்டி, 'பயிற்றுத்துணைப்பொருள்' என்று பெயர் சூட்டி அலமாரியில் வைக்கிறோம். அது மாற்றம் அன்று, நகல்.

மரபுத்தொடர் செயலியையே எடுத்துக்கொள்வோம். அதில் கணினி செய்யும் முதன்மையான வேலை தீர்ப்புச் சொல்வது. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இருபது மரபுத்தொடர் அட்டைகள், ஆளுக்கு ஐந்து. ஓர் அட்டையை மேசையில் இறக்க வேண்டுமானால், அதனைப் பயன்படுத்தி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மற்ற மூவரும் நடுவர்கள். ஏற்காதவர் காரணம் கூற வேண்டும். மூவரில் இருவர் ஏற்றால் அட்டை இறங்கும். இல்லையேல் கைக்கே திரும்பும். முதலில் கையைக் காலி செய்பவர் வெற்றியாளர்.

என் நான்காம் ஆண்டு மாணவர்களுள் ஒருவர் "பேருந்து கம்பி நீட்டியது" என்றார். உடனே எழுந்தது எதிர்ப்பு! "பேருந்து எப்படிக் கம்பி நீட்டும்? யாருக்கும் தெரியாமல் நழுவி ஓடுபவர்தானே கம்பி நீட்டுவார்?" "காசு வாங்கிக்கொண்டு ஏற்றாமல் போனால்?" "அப்போது ஓட்டுநர்தான் கம்பி நீட்டினார் என்று சொல்ல வேண்டும்!" ஐந்து நிமிட வாதம், முழுக்க முழுக்கத் தமிழில். எந்தச் சிவப்பு விளக்கு இதனைக் கற்பிக்கும்?

"சீட்டாட்டமா? சூதல்லவா?" என்று பெற்றோர் சிலர் முகம் சுளிப்பர். அட்டையில் சூது இல்லை, பணத்தில்தான் இருக்கிறது. கைப்பேசியில் ரம்மி ஆடிக் குடும்பங்கள் சீரழிந்ததால்தான் 2022இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025இல் இந்திய நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கே அழிவு வந்த வழி திரைதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

"வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுமே" என்பார் ஆசிரியர் சிலர். ஆகட்டுமே! யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. கேட்டல், பேச்சுத் திறன்களை வகுப்பறையிலேயே மதிப்பிடும் பொறுப்பு நம்முடையது. வாய் திறக்காத வகுப்பில் எதனை மதிப்பிடுவீர்கள்?

நம் ஜொகூர் நிலையையும் நினைத்துப் பாருங்கள். பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் பெற்றோர் விடியுமுன் கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். அவ்வீட்டுப் பிள்ளைக்கு மாலைத் துணை கைப்பேசி. அப்பிள்ளை தன் வயதுப் பிள்ளைகளோடு தமிழில் வாதிட, சிரிக்க, விட்டுக்கொடுக்க எஞ்சியிருக்கும் இடம் தமிழ்ப்பள்ளிதான். அங்கும் ஆளுக்கொரு திரையைக் கொடுத்து அமர்த்திவிட்டால், தமிழ் படித்த பிள்ளைகள் இருப்பார்கள். தமிழ் பேசும் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

ஆசிரியர்களே, இந்த வாரமே ஒரு செயலியைத் தேர்ந்தெடுங்கள். அதில் கணினி செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். செலவு மணிலா அட்டையும் கத்தரிக்கோலுந்தான். பெற்றோர்களே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நீங்களும் அந்த மேசையில் அமருங்கள்.

சிந்திப்போம். அதைவிட முதன்மையாக, பேசுவோம்... தமிழில்!