இணையச் சட்டம்: நம் பிள்ளைகளுக்கு ஒரு துறை

பிளஸ் டூ முடித்த பிள்ளையை எதில் சேர்ப்பது என்று ஆலோசிக்கும் பெற்றோர், மருத்துவத்தையும் பொறியியலையும் தாண்டிப் பெரும்பாலும் சிந்திப்பதில்லை. சட்டம் என்றாலோ நிலத் தகராறும் குடும்ப வழக்குமே நினைவுக்கு வருகின்றன. இணையம் சார்ந்த சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞர் எத்துணை அவசியமானவர் என்பதை உணர்த்தச் சென்னை வழக்கு ஒன்றே போதும்.

2004ஆம் ஆண்டு, மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்மணியின் பெயரில் போலி மின்னஞ்சல் முகவரி தொடங்கிய ஒருவர், யாகூ குழுவொன்றில் அவரைப் பற்றி ஆபாசச் செய்திகளைப் பரப்பினார். அவற்றை நம்பிய அந்நியர்கள் தொலைபேசியில் தொல்லை கொடுத்தனர். அப்பெண்மணி ஒடுங்கிவிடவில்லை, பிப்ரவரியில் புகார் அளித்தார். குற்றவாளி மும்பையில் கைதானார். கணினி நிலைய உரிமையாளர்களும் நிபுணர்களும் சாட்சியமளித்தனர். அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படியும் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படியும் தண்டனை விதித்தது.

இத்துறையின் உயிர்நாடி சான்றுதான். அவமானத்திற்கு அஞ்சி, வந்த செய்தியை உடனே அழித்துவிடுவது பலரின் இயல்பு. ஆனால், அழிந்தது தம் வழக்கின் ஆதாரமே என்பதை அவர்கள் பிறகுதான் அறிகின்றனர். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றம் ஏற்க உரிய சான்றிதழ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014, 2020ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் வலியுறுத்தியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவும் அதனையே கோருகிறது. இந்நுட்பங்களை அறிந்த வழக்கறிஞர் அருகிலிருந்தால், உண்மை ஆதாரமின்றித் தோற்காது.

குற்ற வழக்குகள் மட்டுமல்ல. மென்பொருள் ஒப்பந்தங்கள், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பண மோசடி எனப் பணிகள் பல. குடிமகனின் உரிமை காப்பதும் இத்துறையின் கடமையே. இணையத்தில் கருத்துரைத்தோரைக் கைது செய்ய வழிவகுத்த 66ஏ பிரிவை எதிர்த்து, ஷ்ரேயா சிங்கால் என்னும் இளம்பெண் 2012இல் வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே நீக்கியது.

பிளஸ் டூ முடித்தோர் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும், பட்டதாரிகள் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம். பொறியியல் பட்டம் பெற்றோருக்கு அக்கல்வி கூடுதல் துணையாகும். பின்னர் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும்.

பெற்றோர்களே! தந்தையிடமும் தமையனிடமும் கூறக் கூசும் துயரை, ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் தயங்காமல் கூறுவாள். அவ்வாறு கேட்டு வழிநடத்தப் பெண் வழக்கறிஞர்கள் பலர் தேவை. சட்டம் படிக்க விழையும் மகளைத் தடுக்காதீர்கள். அவளது படிப்பு எத்தனையோ இல்லங்களின் மானத்தைக் காக்கக்கூடும்.