எழுந்து போன பியானோக்காரர்

நம்ம ஹாஸ்டலில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுதான். நான் எழுத வந்தது ஜாஸ் பற்றி. முதலில் மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, அந்த நிமிஷத்தில் தோன்றுவதை அதன்மேல் வாசிப்பார்கள். பியானோக்காரர் தெலோனியஸ் மங்க், சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் - இவர்கள் 1957ல் நியூயார்க்கில் சேர்ந்து வாசித்தது சில மாதங்கள்தான். ஆனாலும் கற்றுக்கொடுப்பது எப்படி என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

சேர்ந்தபோது ரெண்டு பேருமே அடிபட்டவங்க. 1951ல் ஒரு போதைப்பொருள் வழக்கில் மங்கின் அனுமதி அட்டையைப் போலீஸ் பறித்துவிட்டது. அப்போது அது இல்லாமல் அந்த ஊரில் மது விற்கும் கிளப்புகளில் வாசிக்க முடியாது. ஆறு வருஷம்! கோல்ட்ரேனையோ ஹெராயின் பழக்கத்துக்காக மைல்ஸ் டேவிஸ் தன் குழுவை விட்டே நிறுத்திவிட்டார். அந்த வருஷமே அவர் பழக்கத்தை விட்டார். அப்போது வயசு முப்பது.

பகலில் கோல்ட்ரேன் மங்க் வீட்டுக்குப் போய் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவாராம். மங்க் பியானோவில் வாசிப்பார். இவர் சாக்ஸபோனில் தேடிப் பிடிக்கணும். பிடிபடாத இடம் திரும்பத் திரும்ப வரும். எழுதிய தாள் இருந்தது, கடைசியில்தான் காட்டுவார். காதால் பிடித்தால்தான் உள்ளே இறங்கும் என்பது மங்கின் கட்சி. சில நாள் ஒரே ஒரு பாட்டுதான் தேறும். (நம்ம ரெக்கார்டு நோட்டு ஒரே ராத்திரியில் எழுதப்படுவதை இங்கே சொல்ல வேண்டாம்!)

ராத்திரி ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் கதையே வேறு. கோல்ட்ரேன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மங்க் எழுந்து போய்விடுவார். ஆடுவார், சுற்றுவார். பியானோ சும்மா கிடக்கும். பாஸும் டிரம்ஸும் மட்டும் துணை. இதைக் கிறுக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. நான் ஒத்துக்கமாட்டேன். பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று ஸ்வரக்கூட்டு போட்டுக் காட்டுவது பியானோ. அது நின்றால் மற்றவர் மனசுக்குள்ளேயே கணக்கு வைத்துப் போகணும். மங்கோடு வாசிக்கையில் கவனம் தப்பினால் லிஃப்ட் இல்லாத குழியில் கால் வைத்த மாதிரி இருக்கும் என்று கோல்ட்ரேனே பின்னால் சொல்லியிருக்கிறார்.

என் கட்சி இதுதான்: பகலில் கூட உட்கார்ந்தவருக்குத்தான் ராத்திரி எழுந்து போக உரிமை உண்டு. நமக்குத் தெரியாததா? லேத்தைத் தொடவே விடாதவர்கள் ஒரு வகை. மிஷினைக் காட்டிவிட்டு டீக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. எங்க வீட்ல முதல்ல படிக்க வந்தவன் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. என்னை மாதிரி ஆளுக்குப் பகல் மங்கும் வேணும், ராத்திரி மங்கும் வேணும். சீனியர் அண்ணன்மாரே, உங்களுக்கும் சேர்த்துத்தான்!

1958 ஆரம்பத்தில் கோல்ட்ரேன் மைல்ஸ் டேவிஸிடமே திரும்பினார். 1957 நவம்பர் 29 அன்று இவர்கள் கார்னகி ஹாலில் வாசித்த ஒலிநாடா, 2005ல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்து வெளியானது. சனிக்கிழமை சங்க ரூமில் போடலாம் என்றிருக்கிறேன். யாராவது ஸ்பீக்கர் கொண்டுவாங்கப்பா.