மடற்பனையும் மைதானமும்

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலையை வெட்டிச் சமன்செய்த மைதானம் ஒன்று இருக்கிறது. மூன்று பக்கமும் தேயிலை. நான்காவது பக்கம் பள்ளம். பந்து அந்தப் பக்கம் போனால் ஆட்டம் நின்றுவிடும் என்பதால் சரிவில் எப்போதும் ஒரு சிறுவனை நிறுத்திவைப்பார்கள். தோட்டத்துப் பையன்கள் அங்கே ஓர் அணி வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்த அணிக்குப் பயிற்சியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இளைஞர் மன்றம் மூன்று பேரிடம் ஒப்படைத்தது. மூவரில் ஒருவனாக என்னையும் சேர்த்தார்கள். கல்லூரியில் தமிழ் நடத்துபவனுக்கும் கால்பந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மலையில் வாத்தியார் என்றால் எல்லாவற்றுக்கும் வாத்தியார்தான்.

இரண்டு பேர் எங்கள் முன் இருந்தார்கள். ஒருவர் பணி ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். எந்தப் பெரிய அணிக்கும் ஆடாதவர். மற்றவர் ஒரு காலத்தில் சென்னை லீகிலும் மாநில அணியிலும் முன்கள வீரராக ஆடியவர். நான் சிறுவனாக இருந்தபோது அவருடைய ஆட்டத்தை வேலியோரம் நின்று வாய்பிளந்து பார்த்தவன். நான் யாருக்குக் கைதூக்கினேன் என்று சொல்லத் தேவையில்லை. மற்ற இருவரும் தயங்கினார்கள்; பேசிப் பேசி அவர்களை இணங்கவைத்தவனும் நானே.

ஒன்பது மாதத்தில் இருபத்திரண்டு பையன்கள் எட்டாகக் குறைந்தார்கள். நல்ல மனிதர், குடியோ கோபமோ கிடையாது, ஒரு நாள்கூடப் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததில்லை. ஒருநாள் ஒரு பையன், "காப்பாளர் எந்தப் பக்கம் சாய்வார்னு எப்படி மாஸ்டர் முன்னாடியே தெரியுது?" என்று கேட்டான். அவர் மூன்று முறை அடித்துக் காட்டினார். மூன்றும் கோல். "அது வரும்டா, ஆட ஆட வரும்" என்றார். பையனுக்கு வரவில்லை. வராதபோது அவருக்கு வியப்பு. அந்த வியப்பு மெல்லச் சலிப்பாக மாறியது. கூடலூர்ப் பக்கம் உறவு இருந்த இரண்டு பேர் மலப்புறத்துச் செவன்ஸ் ஆட்டங்களுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் கைப்பேசிக்குத் திரும்பினார்கள்.

அந்தத் தோல்வியில் என் பங்கை நினைக்கும்போதெல்லாம், ஆண்டுதோறும் நானே வகுப்பில் நடத்தும் நன்னூல் நினைவுக்கு வந்து உறுத்துகிறது. பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியனின் பண்புகளை அடுக்கும்போது, கற்றதில் தெளிவு வேறு, கற்றதைச் சொல்லால் எடுத்துரைக்கும் வன்மை வேறு என்று தனித்தனியே எண்ணுகிறார். ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் காட்டும் உவமைகளில் இரண்டு மைதானத்துக்கு அப்படியே பொருந்தும். ஒன்று மடற்பனை: தானாகப் பழம் விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம், நாமாக ஏறிப் பறிக்க விடாது. மற்றொன்று பருத்திக் குண்டிகை: குடுவைக்குள் பஞ்சைத் திணிப்பதும் கடினம், உள்ளே போனதை வெளியே எடுப்பதும் கடினம். இந்த ஆசிரியர்கள் அறிவிலிகள் என்று நன்னூல் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பனையில் பழம் இருக்கிறது. குடுவையில் பஞ்சும் இருக்கிறது. மாணவனின் கைக்கு அது வந்துசேர வழியில்லை என்பதே குறை.

பெரும் ஆட்டக்காரர் பலருக்கு நேர்வது இதுதான் என்று எண்ணுகிறேன். இயல்பாகவே வாய்த்த ஒன்றைப் பற்றி அவர்கள் யோசிக்க நேர்ந்ததே இல்லை. இரண்டாம்தர ஆட்டக்காரனோ ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணிக் கற்றவன். ஏன் தனக்கு வரவில்லை என்று ஆயிரம் இரவுகள் விழித்துக் கிடந்தவன். அந்த விழிப்பு பிற்காலத்தில் அவனுக்குக் கைமுதலாகிறது. செருப்பு வணிகத்திலிருந்து வந்து, தொழில்முறைக் கால்பந்தே ஆடாமல், ஏசி மிலான் அணியை 1989, 1990 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பை வெல்லவைத்த அரிகோ சாக்கி இதற்கு உலகறிந்த சான்று. மறுபுறம், மாரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினா 2010 உலகக்கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியிடம் 4-0 என்று சிதறியதையும் நாம் பார்த்தோம்.

இத்தாலி வரை போக வேண்டியதில்லை. இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று சொல்லப்படும் ஆண்டுகளை உருவாக்கியவர் ஐதராபாத்தின் சையத் அப்துல் ரகீம். தொழிலால் பள்ளி ஆசிரியர். இந்தியாவுக்கு ஆடிய நட்சத்திரம் அல்லர். 1951 தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம். ஜகார்த்தாவில் அவர் செய்த ஒரு காரியத்தை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டிருந்தது. ரகீம் அவரை உட்காரவைக்காமல் முன்களத்தில் ஆடவைத்தார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிரான இரண்டு கோல்களில் ஒன்றை அடித்தவர் ஜர்னைல்தான். தன் இடத்தையே உலகமாகக் கருதும் நட்சத்திரத்துக்கு இப்படி ஓர் எண்ணம் எளிதில் தோன்றாது.

அந்த அணியின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் எங்கள் மலைக்கும் உறவுடையவர். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடியவர். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. இன்று வெலிங்டன் வழியாகப் பேருந்தில் போகும் எங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தங்கராஜும் தொடக்கத்தில் முன்கள ஆட்டக்காரராக இருந்து பிறகு காப்பாளராக மாறியவர். ஒருவனை அவன் நிற்கும் இடத்திலிருந்து பெயர்த்து அவனுக்குரிய இடத்தில் நிறுத்தும் கண் ஆசிரியனுடைய கண்.

ஆனால் இதையே விதியாக்கிவிட்டு நகர எனக்கு மனம் ஒப்பவில்லை. ஜகார்த்தா இறுதியாட்டத்தில் மற்றொரு கோலை அடித்த பி.கே. பானர்ஜி, இந்தியா கண்ட மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவர், பிற்காலத்தில் மாபெரும் பயிற்சியாளராகவும் விளங்கினார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் பெற்றபோது பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர். 1997 ஜூலையில் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியில், அவருடைய ஈஸ்ட் பெங்கால், அமல் தத்தாவின் மோகன் பகானை 4-1 என்று வீழ்த்தியது. அமல் தத்தா ஏட்டறிவும் உத்தியும் கொண்டவர்; இங்கிலாந்து சென்று பயிற்சிக் கலையைப் பயின்றவர். அவருடைய வைர வியூகத்தைப் பற்றித்தான் அன்று ஊரெல்லாம் பேச்சு. வென்றவரோ ஆட்டக்காரர்களின் நெஞ்சோடு பேசத் தெரிந்த முன்னாள் நட்சத்திரம். நம் துறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருக்கிறாரே! அவர் காலத்தில் அவரை விஞ்சிய புலவர் இல்லை, உ.வே. சாமிநாதையரை உருவாக்கிய ஆசிரியரும் அவர்தான். பனையிலும் ஏறத்தக்க பனை உண்டு.

ஆகவே நட்சத்திரம் பயிற்சியாளராகலாமா என்பதைவிட, ஆட்டத்தை விட்டபின் அவர் எங்கே இருந்தார் என்று கேட்பதே பொருந்தும். ஜிடான் ரியல் மாட்ரிட்டுக்கு 2016 முதல் 2018 வரை தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்று தந்தார். அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றது 2006-இல். இடையில் அன்செலோட்டிக்குத் துணையாக ஓராண்டு, பிறகு இளையோர் நிறைந்த இரண்டாம் அணியோடு ஒன்றரை ஆண்டு. ஆட்டக்காரனாக ஜிடானுக்கு நிகரான நுட்பம் கொண்ட பிர்லோவை யுவெண்டஸ் 2020-இல் இளையோர் அணிக்கு நியமித்துப் பத்தே நாளில் தலைமைப் பயிற்சியாளராக்கியது. ஒன்பது ஆண்டு தொடர்ந்து லீகை வென்றிருந்த அணி நான்காம் இடத்துக்கு இறங்கியது. இத்தாலியக் கோப்பையை வென்றும் அவர் ஓராண்டு முடிவில் வெளியேற வேண்டியிருந்தது.

நம் சென்னைக்கு வருவோம். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி., ஜிடானின் தலையால் மார்பில் முட்டுவாங்கிப் புகழ்பெற்ற மத்தராசியை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அழைத்துவந்தது. அதற்கு முன் அவர் எந்த அணியையும் பயிற்றுவித்ததில்லை. என் வாதப்படி அவர் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. முதல் ஆண்டு லீக் பட்டியலில் முதலிடம். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் மூழ்கி, அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தையே பூனாவுக்கு மாற்ற வேண்டியிருந்த நிலையில், கோப்பையையே வென்றார். இறுதியாட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் 2-1 என்று பின்தங்கியிருந்து, 3-2 என்று கோவாவை வென்ற அந்த இரவை மறக்க இயலாது. எதிரணியின் பயிற்சியாளர் ஜிக்கோ. அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் மூன்றாவது ராபர்ட்டோ கார்லோசுடையது. நட்சத்திரங்களின் ஆண்டு அது.

இதற்கு நான் கண்ட விடை கால அளவு. அப்போதைய லீக் ஏறத்தாழ இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். லீக் சுற்றில் அணிக்குப் பதினான்கே ஆட்டங்கள். அந்தச் சிறுபொழுதில் எதையும் கற்றுக்கொடுக்க நேரமில்லை; தேவையுமில்லை. உலகக்கோப்பையைத் தொட்ட ஒருவர் உடைமாற்றும் அறையில் நின்றாலே இளைஞர்களின் முதுகு நிமிரும். அந்த நிமிர்வு இரண்டரை மாதம் தாங்கும். மத்தராசியின் மூன்றாம் ஆண்டில் சென்னை எட்டு அணிகளில் ஏழாவதாக முடிந்தது. 2017-இல் லீக் நான்கு மாதமாக நீண்டபின் நிலை மாறியது. கொல்கத்தாவின் ஏடிகே, ஷெரிங்காமைப் பத்து ஆட்டங்களிலேயே விலக்கியது. 2020-21-இல் ராபி ஃபவுலரின் ஈஸ்ட் பெங்கால் பதினோரு அணிகளில் ஒன்பதாவது. அதே பருவத்தில் மும்பைக்கு லீகும் கோப்பையும் வென்று தந்த செர்கியோ லோபெராவின் ஆட்டக்காலத்தைப் பற்றிக் கேட்டால் எந்த ரசிகனும் விழிப்பான்.

கோவையில் நேரில் கண்டதையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச் 9 அன்று இரண்டு மாணவர்களோடு மலையிறங்கி நேரு விளையாட்டரங்கத்துக்குப் போனேன். அதற்கு முந்தைய பருவத்தில் எட்டாவதாக முடிந்த சென்னை சிட்டி அணி, அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். சுவரொட்டியில் அவர் படத்தைப் போட்டிருந்தால் ஒரு நுழைவுச்சீட்டுக்கூட அதிகமாக விற்றிருக்காது. அந்தக் கழகம் பிறகு லீகிலிருந்தே மறைந்துபோனது வேறு கதை, வருந்தத்தக்க கதை.

கழக உரிமையாளர்களின் நியாயமும் புரியாமலில்லை. புதிதாகத் தொடங்கும் லீகுக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு முகம் வேண்டும். முகத்துக்குச் சம்பளம் கொடுங்கள், தூதுவராக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரவைக்கும்போதுதான் வேறொருவருடைய இடம் பறிபோகிறது. தமிழகத்தின் சையத் சாபிர் பாஷா, இந்தியன் வங்கி அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர். சென்னையின் எஃப்.சி.யில் பல ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். வெளிநாட்டுத் தலைமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. 2022 பிப்ரவரியில் ஒருவரை நடுப்பருவத்தில் நீக்கியபோதுதான் அவருக்கு இடைக்காலப் பொறுப்பு கிடைத்தது. ஐ.எஸ்.எல். தொடங்கி ஏழு ஆண்டுகள் கழித்து, 2021-இல்தான் ஓர் இந்தியர், காலித் ஜமீல், நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரானார். அவர் அதற்குமுன் மும்பை எஃப்.சி. என்ற எளிய அணியைப் பல ஆண்டுகள் கட்டிக் காத்தவர். 2017-இல் மிசோரத்தின் ஐசாலை ஐ-லீக் சாம்பியனாக்கியவர். 2025-இல் இந்திய அணியே அவரிடம் வந்தது. இருவரும் நாட்டுக்கு ஆடியவர்களே. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நேராக மேலே ஏறவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு இதெல்லாம் பெரிய கதை. விலகிய பையன் ஒருவனின் தாயிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசிக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டு கொழுந்தெடுத்தவர். "வேகமா கொழுந்தெடுக்கிறவளைக் கொண்டுபோய் மேஸ்திரியாக்கினா கொழுந்தும் கொறையும், வேலையும் நடக்காது சார். எங்களைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்போமே" என்றார். எங்கள் மூவர் குழுவில் கொழுந்தெடுத்தவர் யாருமில்லை.

இப்போது உடற்கல்வி ஆசிரியரே பயிற்சியாளர். பள்ளத்துப் பக்கம் ஆட அஞ்சிய பையன்களை அந்தப் பக்கமே ஆடவைத்தார். உட்பாதத்தால் பந்தைக் காலருகே வைத்திருக்க அவர்கள் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். எண்ணிக்கை மறுபடியும் பதினெட்டாகியிருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் பழைய நட்சத்திரமும் வருகிறார். அவரை அழைத்துவந்தது ஆசிரியர்தான். அவர் அடிக்கிறார்; ஆசிரியர் பையன்களைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, "காலைப் பார்க்காதே, கண்ணைப் பார். அடிக்கிறதுக்கு முன்னால காப்பாளரோட முழங்காலை ஒரு தடவை பார்க்கிறார், எந்தக் காலில் பாரம் இருக்கோ அதே பக்கம் அடிக்கிறார்" என்று சொல்கிறார்.

போன மாதம் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது நட்சத்திரம் இதைக் கேட்டுத் திரும்பினார். "நான் அப்படியா சார் பண்றேன்?" என்றார்.